அக்காவுக்காக அடுக்கிய ஐந்து கற்கள்

அந்தப் பாறையில் நான் உட்கார்ந்தபோது கீழே இரண்டு ஆறுகள் சேர்கிற இடம் தெரிந்தது. ஒன்று பச்சையாக வந்தது, இன்னொன்று கொஞ்சம் கலங்கலாக. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே போனது. தண்ணீர்ச் சத்தம் அவ்வளவு உயரத்துக்கும் ஏறி வந்துகொண்டிருந்தது.

மலைச் சரிவு முழுக்க ஒலிவ மரங்கள், படி கட்டினாற்போல் இறங்கிப்போயின. காற்று அடித்தால் இலையெல்லாம் புரண்டு வெள்ளை காட்டும். காற்று நின்றால் பழையபடி பச்சை. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வருகிறதா விழித்திருக்கிறோமா என்று தெரியாது.

என் காலடியில் தோசைக்கல் மாதிரி தட்டைத் தட்டையாகக் கற்கள் கிடந்தன. ஐந்து எடுத்தேன். பெரியதை அடியில் வைத்து, சின்னது மேலே வரும்படி அடுக்கினேன். கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். எழுந்து புடவையைத் தட்டிவிட்டு நடந்தேன்.

நான் செய்தது அவ்வளவுதான். அதிலேயே என் அக்கா உயிருக்கு உலை வைத்துவிட்டேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தபால்காரியின் கால்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அலமேலு. முத்தியால்பேட்டைத் தெருக்களில் முப்பது வருஷம் தபால் கொடுத்தவள். மில் தொழிலாளி மகள். இப்போது மூலக்குளத்தில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று.

எனக்கு ஒரே அக்கா, தனலட்சுமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அக்காவை ஒரு சொல்தாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா ஓய்வு பெற்றதும் தென் பிரான்சில் ஒரு மலையூரில் சின்ன வீடு வாங்கினார். பின்னால் பன்னிரண்டு ஒலிவ மரம். பிள்ளை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் மாமாவும் இறந்துவிட்டார்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஒரு பகல் முழுக்கத் தரையில் கிடந்திருக்கிறாள். இதை எனக்குச் சொன்னது ஆறு மாதம் கழித்து, அதுவும் போனில் வாழைக்காய் விலை பேசுகிற மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"கெளம்பி வாக்கா. எனக்கும் யாரு இருக்கா?" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள்.

அந்தப் 'பாக்கலாம்' ஒன்றரை வருஷம் ஓடியது. அதற்குள் நான் கீழ் அறைக்குப் புது டைல்ஸ் போட்டேன். வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தேன். பிடித்துக்கொள்ள சுவரில் கம்பி அடித்தேன். அக்கா வரப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன். அப்புறம்தான் நேரில் போய்க் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று விமானம் ஏறினேன்.

விசா வாங்க நான் பட்ட பாட்டைப் போன வாரம் படித்தவர்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும், அவரவருக்கு வந்தால் தெரியும்.

வாயில் வைக்க முடியாத பழம்

நான் போனது ஒலிவம் பறிக்கிற காலம். காலையில் ஜன்னலைத் திறந்தால் மலையைக் காணோம், வெறும் பனி. பத்து மணிக்கு மேல் பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகும். முதலில் மாதா கோயில் கூம்பு வரும், அப்புறம் மரங்கள், அப்புறம் ஆறு. ஒவ்வொரு நாளும் ஊரையே புதிதாகச் செய்து வைக்கிறார்களோ என்று தோன்றும்.

முதல் நாளே நாவல்பழம் மாதிரி கறுத்துப் பளபளவென்று இருந்த ஒலிவக் காயைப் பறித்து வாயில் போட்டுவிட்டேன். ஐயோ! வேப்பெண்ணெய் குடித்தால்கூட அவ்வளவு கசப்பு இருக்காது. நாக்கு மரத்துப்போனது. துப்பித் துப்பித் தொண்டை வறண்டது.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முப்பது வருஷம் முன்னாடி நானும் இப்டித்தான் துப்புனேன். உப்புத் தண்ணியில மாசக்கணக்கா ஊறணும்டி. மரத்துல இருந்து அப்டியே துன்னுறதுக்கு இது என்னா நம்மூரு கொய்யாவா?"

அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

பகலில் மரத்தடியில் வலை விரித்துக் காய் பறிப்போம். பிற்பகலில் நடக்கப் போவோம். அந்த ஊரில் நடப்பது ஒரு வேலை. கடைக்குப் போவதற்கு இல்லை, கோயிலுக்கு இல்லை, சும்மா நடக்கிறார்கள். அதற்கென்று மலை முழுக்க ஒற்றையடிப் பாதைகள். மரத்திலும் பாறையிலும் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வெள்ளையும் சிவப்புமாக அந்தக் கோடுகளை முதலில் பார்த்தபோது கோயில் மதில் நினைவு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

நடையில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது என்று எனக்குக் கொழுப்பு உண்டு. சித்திரை வெயிலில் பை சுமந்து தெருத்தெருவாக ஏறி இறங்கிய கால் இது. அக்காவுக்கு முட்டி வலி. தடி ஊன்றி, ஒவ்வொரு செடியாகத் தடவி, எதிரே வருகிற நாயைக்கூட நலம் விசாரித்து நிதானமாக வருவாள். நான் முன்னால் போய் ஓர் இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பேன். அதுதான் எங்கள் வழக்கம் ஆகிப்போனது.

இடையில் நான்கைந்து முறை ஊருக்கு வருகிற பேச்சை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா மலையைப் பார்ப்பாள், அல்லது அடுப்பைப் பார்ப்பாள். "பாக்கலாம்." எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் திரும்ப நான்கு நாள்தான் இருந்தது.

திருப்பதியில் அம்மா

கல் அடுக்குகிற வழக்கம் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். திருப்பதி மலையில் பார்த்திருப்பீர்கள். சொந்த வீடு அமையணும் என்று வேண்டிக்கொண்டு சின்னச் சின்னக் கல்லாக அடுக்கி வைத்துவிட்டு வருவார்கள்.

அப்பா மில்லுக்கு லீவு போட்டு எங்களைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனது ஒரே ஒரு தடவை. எங்கள் எல்லாருக்கும் மொட்டை. அம்மா மூன்று கல் அடுக்கினாள். அக்கா, அப்போது பன்னிரண்டு வயது இருக்கும், தம் பிடித்துக்கொண்டு ஏழு கல் அடுக்கினாள். நான் அடுக்கியது நிற்கவே இல்லை. நான் அழ, அக்கா தன்னுடையதையே காட்டி, "இது ரெண்டு பேருக்கும்டி, ஒரே வூடு" என்றாள். சந்தன மொட்டையில் வெயில் பட்டு அவள் தலை பளபளத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அம்மா கடைசி வரைக்கும் முத்தியால்பேட்டை வாடகை வீட்டில்தான் இருந்தாள். அது வேறு கதை. ஆனாலும் கல் மேல் எனக்கு நம்பிக்கை போகவில்லை. மூலக்குளம் வீடு கட்டுமுன் நானும் மலைக்குப் போய் அடுக்கிவிட்டு வந்தவள்தான்.

அதனால் அன்றைக்கு அந்தப் பாறையில் உட்கார்ந்து, ஆறுகளைப் பார்த்துக்கொண்டு, தட்டைக் கற்களையும் பார்த்தபோது கை தானாகப் போயிற்று. வீடு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டிய வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டேன். "சாமி, என் அக்கா வந்து என்கூட அந்த வீட்டுல இருக்கணும்." இதுதான் என் வேண்டுதல். வெள்ளைக்கார மலையானால் என்ன, மலை மலைதானே.

பனி இறங்கியது

அந்தப் பாறையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் ஓர் ஊற்று. அங்கே தண்ணீர் குடித்துவிட்டுச் சுற்றி ஊருக்கு இறங்கலாம். இடது பக்கம், எப்போதோ கைவிட்ட தோட்டங்கள் வழியாக ஓர் ஓடைக்குப் போகிற பழைய தடம், யாரும் போவதில்லை. நல்ல கற்கள் கிடந்தது இடது பக்கம். அதனால் அந்தத் தடத்தின் வாயிலேயே அடுக்கிவிட்டு, நான் வலது பக்கமாக நடந்து ஊற்றுக்குப் போய்விட்டேன்.

ஊற்றுத் திட்டில் சாய்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. தண்ணீர் சொட்டுகிற சத்தத்திலேயே கண் சொக்கியது. கனவில் நான் பழைய மாதிரி தபால் பையோடு போகிறேன். முத்தியால்பேட்டைத் தெருவில் வீடுகளுக்கு நடுவே ஒலிவ மரம் நிற்கிறது. மில் சங்கு ஊதுகிறது. ஒவ்வொரு வாசலிலும் அக்காவே நின்று கை நீட்டுகிறாள். நான் பையில் கைவிட்டால் கடிதம் எதுவும் இல்லை.

குளிர் உறைத்து விழித்தேன். சுற்றிலும் ஒன்றுமில்லை, பால் கொட்டியது போல் பனி. அக்காவைக் காணோம்.

"அக்கா!" என்று கத்தினேன். என் குரல் என்னிடமே திரும்பி வந்தது. தட்டுத் தடுமாறிப் பாறைக்குத் திரும்பினேன். கல் ஐந்தும் அடுக்கினபடி நின்றன. அக்கா இல்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. இருட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

நான் ஊருக்குள் ஓடி இறங்கியது எப்படி என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுப் பெர்னார் தோட்டத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் சிநேகிதர், எழுபது வயது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு பிரெஞ்சு தெரியாது.

ஆனால் தபால்காரிக்குக் கொஞ்சம் தெரியும். ஆள் இல்லாமல் பிரான்சிலிருந்து திரும்பி வருகிற கடிதங்களில் அவர்கள் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். அதைப் படித்து அனுப்பியவர்களுக்கு விளக்கிச் சொல்லியே எனக்கு அது மனப்பாடம். 'விலாசம் கொடுக்காமல் போய்விட்டார்' என்று அர்த்தம்.

"மா சேர்!" என்றேன், என் அக்கா என்று. மலையைக் காட்டினேன். "பார்த்தி! பார்த்தி சான் லெசே தத்ரெஸ்!"

அவர் ஒரு நொடி திகைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வலையை அப்படியே போட்டுவிட்டு நாயைக் கூப்பிட்டார். தெருவில் போய் இரண்டு கதவைத் தட்டினார். ஐந்து நிமிஷம்கூட இருக்காது, பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கையில் டார்ச், கயிறு, கம்பளி. ஒருத்தி அடுப்பு வேலையில் கட்டியிருந்த ஏப்ரனோடு வந்துவிட்டாள். அத்தனை பேர் வாயிலும் "லட்சுமி, லட்சுமி" என்று என் அக்கா பெயர்.

சுவரோரம்

நாய்தான் கண்டுபிடித்தது. இடது தடத்தில் ரொம்ப தூரம் உள்ளே, இடிந்துபோன ஒரு கல் சுவரை ஒட்டி அக்கா உட்கார்ந்திருந்தாள். அதற்குக் கீழே இரண்டாள் உயரத்துக்கு ஓடைப் பள்ளம். இன்னும் நான்கு எட்டு வைத்திருந்தால் அவ்வளவுதான். கணுக்கால் வீங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

என்னைப் பார்த்ததும், "எங்கடி போன? உன்னத்தான் தேடிக்கினு வந்தேன்" என்று என்னையே திட்டினாள்.

நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"மழையில அந்தாண்ட பாத சரிஞ்சிருக்கும், வழிய மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். புதுசா கல்லு அடுக்கி வெச்சிருந்தாங்க. நீயும் அதப் பாத்துட்டு இப்டித்தான் போயிருப்பேன்னு வந்தேன். பனி வேற."

எனக்குப் புரியவில்லை. கல்லுக்கும் வழிக்கும் என்ன?

அவளை இரண்டு பேர் கை கோத்து உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். வழியெல்லாம் அவர்கள் எதையோ சொல்ல, அக்காவும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. பாறைக்கு வந்ததும் பெர்னார் நின்றார். டார்ச்சை என் கற்கள் மேல் அடித்தார். முகம் சிவந்து என்னவோ இரைந்தார்.

"என்னாக்கா சொல்றாரு?"

"பெயிண்டு இல்லாத எடத்துல கல்லு அடுக்கித்தான்டி இங்க வழி காட்டுவாங்க. எவனோ பாவி வெளையாட்டுக்குத் தப்பான பக்கம் அடுக்கி வெச்சிருக்கான். ஆளு செத்தா என்னா ஆவும்னு கத்துறாரு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். ஊரில் என் வாய்க்குப் பயந்து நாலு பேர் ஒதுங்கிப்போவார்கள். அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை. அவர்கள் பின்னாலேயே நடந்து வந்தேன்.

காலையில்

ராத்திரி பூராவும் தூங்கவில்லை. விடிந்ததும் அக்கா நாற்காலியில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள். நான் மஞ்சளும் உப்பும் குழைத்துக் கணுக்காலில் பற்றுப் போட்டேன்.

"நான்தாங்க்கா."

"என்னா நீதான்?"

"அந்தக் கல்ல அடுக்குனது நான்தான். திருப்பதியில அம்மா அடுக்குச்சே, அந்த மாரி."

அக்காவின் கை நின்றது. திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"வூட்டுக்கா வேண்டிக்கினே? உனக்குத்தான் மூலக்குளத்துல கட்டிட்டியே."

"எனக்கு இல்ல. உனக்கு. நீ வந்து இருக்கணும்னு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் கொஞ்சமும் இல்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்:

"எனக்குத்தான் வூடு இருக்கே, அலமு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இது வூடா? வுழுந்து கெடந்தா ஏன்னு கேக்க ஆளு உண்டா? ஒரு நாள் பூரா தரையில கெடந்தியே!"

"கெடந்தேன். அன்னிக்கிக் கதவ ஒடச்சித் தூக்குனது பெர்னாருதான். அன்னியில இருந்து தெனம் காலையில என் ஜன்னலு தொறந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் அவரு காப்பி குடிக்கிறாரு. நேத்து எத்தினி பேரு வந்தாங்க, நீயே பாத்தல்ல?"

பார்த்தேன்.

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கல்லப் பாத்தப்ப எனக்கு வழின்னுதான்டி தோணிச்சி. வேண்டுதலுன்னு தோணவேல்ல. அம்மா ஞாபகமே வர்ல." அதை அவளே நம்ப முடியாமல் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயத்தால் இல்லை.

ஏழு கல் அடுக்கியவள் அவள். அவள் 'பாக்கலாம்' என்று சொன்ன நாளெல்லாம் என் மனம் நோகக் கூடாதென்றுதான் சொல்லியிருக்கிறாள். இது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"போய்க் கலைச்சிட்டு வந்துடு" என்றாள். "வேற யாராச்சும் போயிடப்போறாங்க."

கலைத்தது

பெர்னாரும் நாயும் என்னோடு வந்தார்கள். அக்கா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வழியில் என்னை முறைக்கவில்லை. ஏற்றத்தில் ஒரு தடவை கைகூடக் கொடுத்தார்.

பனி விலகி இரண்டு ஆறும் தெளிந்து கிடந்தன. வேண்டிக்கொண்டு அடுக்கியதைத் தன் கையாலேயே கலைப்பதா என்று மனசு அடித்துக்கொண்டது. சாமி குத்தம் ஆகிவிடாதா? ஆனால் இன்னொரு அக்கா, இன்னொரு தங்கை அந்தப் பக்கம் போய்விட்டால்?

மேல் கல்லை எடுத்தேன். வீசப் போனவளைப் பெர்னார் கையமர்த்தினார். கல்லை வாங்கிப் போய் வலது பாதையின் ஓரத்தில் வைத்தார். அடுத்ததையும் அங்கே வைக்கச் சொல்லி விரலைக் காட்டினார். பெரிய கல் அடியில் வர வேண்டும் என்று முதலில் வைத்ததை எடுத்துவிட்டு, நானும் அவருமாக மறுபடி அடுக்கினோம். குளிரில் விரல் விறைத்துப்போனது. ஐந்தாவது கல்லை நான் வைத்தேன். இந்த முறை எதையும் கேட்கவில்லை. அழுதேன். அவர் நாயைத் தடவிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

மிச்சம் இருந்த மூன்று நாளும் அக்காவும் நானும் மரத்தடியிலேயே இருந்தோம். நான் காய் பறித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து இலை பொறுக்கினாள். ஊருக்கு வருகிற பேச்சை நான் எடுக்கவில்லை. அந்த மூன்று நாள் மாதிரி நாங்கள் சிரித்துப் பேசியது சின்ன வயசுக்கு அப்புறம் இல்லை.

மூலக்குளத்தில் ஆட்டோ வந்து நின்றபோது எதிர்வீட்டு சரசா கோலமாவுக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். பின்பக்கமும் பார்த்தாள்.

"எங்க உங்கக்கா? கையோட கூட்டியாறேன்னு சொல்லிட்டுப் போனீங்க?"

முட்டி வலி, குளிர், டிக்கெட் கிடைக்கவில்லை என்று விமானத்தில் வரும்போதே நாலைந்து காரணம் யோசித்து வைத்திருந்தேன். எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"அவங்க வீட்டுல இருக்காங்க" என்றேன்.